மணிக்கணக்கு

மணிக்கு ஆயிரத்து இருநூறு. டீசல் முதலாளியுடையது.
மீட்டர் 6,418 காட்டும்போது
ஆம்பூர் ஏ-கஸ்பா கரையில் ஜேசிபியை இறக்கினேன்.
'தூய பாலாறு' என்று பேனர்.
பேனரில் ஓடிய ஆறு நல்ல நீலம்.
எந்த ஊர் ஆறோ, பாவம்.

வண்டிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம்.
பெரிய மனிதர்கள் கையுறை மாட்டி
ஆளுக்கொரு கவர் பொறுக்கினார்கள்.
போட்டோ முடிந்ததும் கையுறையைக் கழற்றி
அங்கேயே போட்டார்கள்.
முதல் பக்கெட்டில் அதுதான் வந்தது.

அப்புறம் செருப்பின் அடிப்பாகங்கள்,
ஏனோ எல்லாமே இடது கால்.
வாழையிலை, எலும்பு, சிரிஞ்சு,
யாருக்கோ சரியாகப் பொருந்தாத ஒரு பல்செட்.
அதற்கும் கீழே தோல் சீவல்,
கல்யாணத்துக்கு நறுக்கிய கோஸ் மாதிரி
ஈரமாக, கூடை கூடையாக.
நீலம்.
பேனர்காரன் பொய் சொல்லவில்லை.

கேபின் கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் குமட்டும்.
மூன்றாம் நாள் கணுக்காலில் சொறி.
முகாம் போட்டிருந்தார்கள், வரிசையில் நின்றேன்.
"தண்ணியில இறங்கினீங்களா?" என்றார் நர்ஸ்.
"தண்ணியே இல்லையே சிஸ்டர்."
களிம்பு தந்தார்.
எனக்கு முன்னால் நின்ற பையனுக்கும் அதே களிம்பு,
முழங்கை மடிப்பில் அதே சொறி.
அவன் ஜேசிபி ஓட்டுகிறவன் இல்லை.
மூன்றாம் வகுப்பு.

அவன் அம்மா ஷாகிரா
ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர்.
ஐந்தாம் நாள் சாயங்காலம் ஷிப்டு விட்டு வந்து
கரைமேல் நின்று கையைக் காட்டினார்:
"இந்த இடத்துல ஆழமாப் போங்களேன்.
குடம் பத்து ரூபா குடுத்து வாங்குறேன்.
கீழ இருக்கா இல்லையான்னு பாத்துடலாம்."

பாலாறு மேலே ஓடாது, அடியில்தான் ஓடும்.
இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
ஆர்டர் ஆறடிக்குத்தான்.
எனக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது.

கருப்பு. கருப்பு. மறுபடி கருப்பு.
பிறகு பக்கெட்டின் பல்லில்
சர்க்கரை மாதிரி மணல்.
பள்ளத்தின் ஓரத்தில் கசிந்து, கலங்கி,
நான் பீடி பற்றவைத்து முடிப்பதற்குள்
தெளிந்துவிட்டது.

தெரு முழுக்க வந்து நின்றது.
யாரோ சொம்பு கொண்டுவந்தார்கள்.
"தொடாதீங்க!"
சுகாதார ஆய்வாளர் நளாயினி மேடம்
சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்.
"கண்ணாடி மாதிரி இருக்கே மேடம்."
"அதுதாங்க பயமே."
பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கினார்.
எண்ணை வாய்விட்டுப் படிக்கவில்லை,
ஷாகிராவிடம் நீட்டினார்.
ஷாகிரா எண்ணைப் பார்க்கவில்லை.
குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.
துப்பினார்.
"தோலுக்குப் போடுற உப்பு" என்றார்,
தினமும் வேலையில் மோந்து பார்க்கிறவர்.

சேறு ஏற்றிய லாரிகள் பைபாஸில் வரிசையாக நின்றன.
எங்கே கொட்டுவது என்று
துளசிங்கம் இரண்டு நாளாகப் போன் போட்டுக் கேட்டான்.
சொல்லுவாங்க, என்றார்கள்.
லாரிக்கடியிலிருந்து தார் ரோட்டில்
நீலம் சொட்டிக்கொண்டிருந்தது.

பள்ளத்தை மூடிவிட்டுப் போ என்றது ஆபீஸ்.
மேடம் ஒரு குழாயைக் கொண்டுவந்து
நடுவில் நிறுத்தி, சுற்றிலும் மூடச் சொன்னார்.
குழாய்க்கு மூடி. மூடிக்குப் பூட்டு.
சாவி ஷாகிராவிடம்.
மாசம் ஒரு பாட்டில், ஒரு எண், ஒரு நோட்டு.
அந்தப் பள்ளம் எடுத்த ஒரு மணி நேரம்
ஆர்டரில் இல்லை என்று பில்லில் அடித்துவிட்டார்கள்.
முதலாளி அதை என் சம்பளத்தில் பிடித்தார்.

இப்போது காட்பாடியில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறேன்.
சொறி கால் மாறியிருக்கிறது.
நேற்று ஷாகிரா கூப்பிட்டார்.
"பதினோராவது பாட்டில், குறைஞ்சிருக்கு" என்பது கேட்டது.
எவ்வளவு குறைந்தது,
நாற்பதா, நானூறா,
இரைச்சலில் பிடிபடவில்லை.

வண்டியை அணைத்தேன். மீட்டர் நின்றது.
"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.